மீட்டரில் பன்னிரண்டு

ஜூன் 6, திங்கள்

வெயில். காலை ஆறு மணிக்கே தகரக் கூரை சுட ஆரம்பித்துவிட்டது. மழை வரும் என்று பென்னலூர் கடைக்காரர் மூன்று நாளாகச் சொல்கிறார். வானத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

புது லாட் ஆரம்பம். போன வருடம் பாதி வரை எல்லாம் கட்டிப் பிளாஸ்டிக், நகத்தால் தட்டினால் டக் டக். இப்போது உள்ளே மட்டும் பிளாஸ்டிக் தண்டு, மேலே முழுக்க சிலிக்கான். என் வேலை: தட்டுக்கு ஐந்து பீஸ் எடுத்து, மீட்டரை வைத்து மூன்று நொடி அழுத்தி, எண்ணைக் குறிப்பது. எண் குறையக் குறைய மிருது. முதல் ஆர்டர் நாற்பது. தீபாவளிக்கு முப்பது. பொங்கலுக்கு இருபது. இப்போது அதற்கும் கீழே கேட்கிறார்கள். எங்கேயோ இருக்கும் பெண்கள் இன்னும் மிருது, இன்னும் மிருது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்கட்டும். கேட்க ஒரு இடம் இருக்கிறதே அவர்களுக்கு.

லைனில் யாருக்கும் பொருள் என்னவென்று தெரியாது. கழுத்து வலி மசாஜர் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. எனக்குத் தெரியும். வாங்குபவர்கள் அனுப்பிய காகிதங்களில் ஒரு பக்கம் ஆங்கிலம். பத்தாவது வரை படித்தது அதற்காவது உதவியது. பெண்கள் தனியாக, தங்கள் உடம்பின் சுகத்துக்காக வைத்துக்கொள்வது. இரண்டு முறை படித்தேன். மடித்து ஃபைலில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாகச் செ.-யிடம்.

செ. என்றால் செல்வி. என் அறைத்தோழி. சங்கரன்கோவில் பக்கம், இருபத்திரண்டு வயது. மோல்டு டேபிளில் வேலை: அச்சைத் துடைத்து, தண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே நிறுத்திவைப்பாள். பிறகு சிலிக்கானை ஊற்றி அடுப்பில் வைப்பார்கள். நான் கோவில்பட்டிக்காரி என்பதால் அவள் அம்மா என்னை நம்பித்தான் மகளை விட்டிருக்கிறாள். தெரிந்தால் மறுநாளே மகளை ஊருக்கு அழைத்துக்கொள்வாள். அப்புறம் இந்த அறையில் நானும் ஸ்டவ்வும்தான்.

ஜூன் 7, செவ்வாய்

வாங்க: மண்ணெண்ணெய், புளி, தேங்காய் எண்ணெய் (சின்ன பாட்டில்), செ.-க்கு ஹேர்பின், கொசுவத்தி.

பக்கத்து மேசை காஞ்சனா. சேரப்பணஞ்சேரியிலிருந்து வருகிறாள், பீஸின் ஓரத்துப் பிசிறுகளை வெட்டுபவள். "இன்னாக்கா, நாள் பூரா அத்த அமுக்கிகினே கீற. அதுக்கு நோவாதா?" நல்ல பெண். வாய்தான் கொஞ்சம் நீளம்.

மீட்டர் இல்லாமல் கண்ணை மூடிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பதிமூன்று என்று தோன்றியது. மீட்டரும் பதிமூன்று. மூன்று பீஸ் பார்த்தேன், மூன்றும் சரி. பெருமையாக இருந்தது. யாரிடம் சொல்வது.

ஜூன் 9, வியாழன்

புழுக்கம். வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். ஐம்பதுக்கு மேல். நரைத்த முடி, சாயம் இல்லை. மேனேஜர் காலையிலிருந்து கைக்குட்டையும் கையுமாக.

மூன்று மாதிரி வைத்தோம். பதினெட்டு, பன்னிரண்டு, ஆறு. அந்த அம்மா ஒவ்வொன்றையும் எடுத்து, முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மூன்றையும் என் பக்கம் தள்ளினார்.

மேனேஜர்: "எது நல்லா இருக்குன்னு உன்ன கேக்கறாங்கம்மா. கட்டியா இருந்தா மெஷின் மாதிரி இருக்குன்னு லேடீஸ் வாங்கறதே இல்லியாம். இப்ப எல்லாருக்கும் சாஃப்ட்டா, வளையற மாதிரிதான் வேணுமாம். அதுக்கு..." அதற்கு மேல் மொழிபெயர்க்கவில்லை. அவர் காது சிவந்துவிட்டது.

நானும் கையில் வைத்தேன். கண்ணை மூடினேன். பதினெட்டு: முழங்கையால் இடிப்பதுபோல. ஆறு: சாம்பாரில் ஊறிப்போன இட்லி. பன்னிரண்டு: தூக்கத்தில் பக்கத்திலிருப்பவர் கை மேலே விழுமே, அது.

"பன்னிரண்டு" என்றேன்.

அந்த அம்மா எழுதிக்கொண்டார். எழுந்து கை கொடுத்தார். கொடுத்த கையை உடனே விடவில்லை, என் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்து ஏதோ சொன்னார். மேனேஜர் அதையும் மொழிபெயர்க்கவில்லை. இனிமேல் பன்னிரண்டு. எந்த நாட்டிலோ எவளோ ஒருத்திக்கு நான் எடுத்துக் கொடுத்த மிருது போகும்.

ஜூன் 12, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன். தண்ணீர் பத்து மணிக்கே நின்றுவிட்டது.

செ.-க்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னினேன். ஞாயிறு தவறாமல்.

"யக்கா, இறுக்கிப் பின்னாதீய. தலை வலிக்கு."

"லேசாப் பின்னுனா நாளைக்கு மத்தியானமே அவுந்துரும்டி. பேசாம இரு."

வாரத்தில் நான் ஒரு மனுஷியைத் தொடும் நேரம் இது ஒன்றுதான். அவளுக்கு அது தெரியாது. பின்னி முடித்த பிறகும் வகிட்டைச் சரிசெய்வதுபோல இன்னும் கொஞ்ச நேரம் கையை வைத்திருப்பேன்.

அவர் போய் ஒன்பது வருடம். கல்யாணமாகிப் பதினோரு மாதம் இருந்தார், திருப்பூரில் வேலை என்று போனார். சாகவில்லை. குழந்தையோடு பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாக ஊரில் சொல்கிறார்கள். அவர் முகம்கூட இப்போது சரியாக ஞாபகம் இல்லை. உள்ளங்கை மட்டும் ஞாபகம் இருக்கிறது. சொரசொரப்பு.

ஜூன் 14, செவ்வாய்

தெரிந்துவிட்டது.

புது அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. மேலே படம். கட்டிலில் சாய்ந்து ஒரு பெண் சிரிக்கிறாள், கையில் நம் பீஸ். எலக்ட்ரீஷியன் பெட்டியைத் தூக்கிப் பிடித்து ஆங்கிலத்தைச் சத்தமாகப் படித்து, தமிழிலும் சொன்னான். லைனே நின்றது. காஞ்சனா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்: "கழுத்து நோவுன்னானுங்களேடி. எந்த ஊர்ல கழுத்து அங்க கீது?" மற்றவர்கள் சிரிக்கவில்லை. செ. எழுந்து போய்க் குழாயில் கை கழுவினாள். மூன்று தடவை.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. அறைக்கு வந்ததும் கேட்டாள்.

"யக்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்."

"எத்தன நாளா?"

"பொங்கல்லருந்து."

"நான் தெனமும் வெறுங்கையால எடுத்து வச்சிக்கிட்டு இருந்தேனே. எங்கம்மாட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"யாரும் தொடாத புதுப் பொருள்தானடி அது. அதுல என்ன இருக்கு?"

பாயைச் சுவரோரம் தள்ளி விரித்தாள். பிறகு: "நீங்க கண்ண மூடிக்கிட்டு அமுக்குனீய. நான் பாத்தேன்."

ஸ்டவ்வைப் பற்றவைக்கக் குனிந்தேன்.

ஜூன் 15, புதன்

புளிசாதம் பிசைந்து இரண்டு டப்பாவில் போட்டேன். "எனக்கு வேண்டாம்க்கா, பசியில்ல." மத்தியானம் டீக்கடை பன் வாங்கித் தின்றுகொண்டிருந்தாள். பசி இல்லாதவள் இரண்டு பன் தின்ன மாட்டாள். என் கையால் பிசைந்தது, அதுதான் விஷயம்.

சாயங்காலம் இரண்டு டப்பாவையும் நானே சாப்பிட்டேன். கையை முகர்ந்து பார்த்தேன். சோப்பும் புளியும். வேறு ஒன்றும் இல்லை.

கோபமாக வருகிறது. தனியாக இருக்கும் ஒருத்தி தன் உடம்புக்கு இதமாக ஒன்று கேட்கிறாள். அதை இதமாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எழுதிவிட்டேன். இனி இந்த நோட்டை வழக்கம்போலப் பெட்டிக்கு அடியில், பழைய புடவைக்குள் ஒளித்துவைக்க வேண்டும்.

ஜூன் 18, சனி

காற்று, புழுதி, மழை இல்லை. காலை ஷிப்டில் முதல் தட்டு: மீட்டரில் நான்கு. அடுத்தது மூன்று. அதற்கடுத்தது மீட்டர் ஊசி அசையவே இல்லை. பார்வைக்கு நன்றாக இருக்கிறது. அழுத்தினால் மேல் தோல் உள்ளே இருக்கும் தண்டைவிட்டு வழுக்கிக்கொண்டு வருகிறது. உள்ளே பாகுபோல ஒட்டுகிறது. அடுப்பு சூடு சரி. கலவை சரி. நேற்றைய தட்டுகளையும் திரும்ப எடுத்துப் பார்த்தோம், பாதி அப்படித்தான். மேனேஜர் எல்லோரையும் திட்டினார், அடுப்பையும் சேர்த்து.

செ. இப்போது தனிச் சமையல். ஸ்டவ்வை மாற்றி மாற்றிப் பற்றவைக்கிறோம். "முடிஞ்சுதா?" "ம்." இவ்வளவுதான் பேச்சு.

ஜூன் 19, ஞாயிறு

தலையை அவளே பின்னிக்கொண்டாள். வகிடு கோணல்.

ஜூன் 20, திங்கள்

சிலிக்கான் விற்கும் கம்பெனி ஆள் மெட்ராஸிலிருந்து வந்தார். ஒரு பீஸைக் கிழித்துப் பார்த்தார், உடனே கேட்டார். "ரப்பர் கையுறை யார்னா போட்டுகினு வேல செஞ்சீங்களா? டாக்டருங்க போடுவாங்களே, வெள்ளையா, அது. அதுல கந்தகம் கீதும்மா. அது பட்ட எடத்துல இந்த மருந்து இறுகவே இறுகாது. வெறுங்கை ஓகே, உங்க கம்பெனி குடுக்கிற நீலக் கையுறை ஓகே. ரப்பர் மட்டும் ஆகாது." நீலக் கையுறை கலவை போடுகிறவர்களுக்கு மட்டும்தான் தருகிறார்கள்.

எல்லோரும் இல்லை என்று கையைக் காட்டினார்கள். செ.-யும் காட்டினாள். மணிக்கட்டில் வெள்ளையாகக் கொஞ்சம் மாவு. மருந்துக்கடைக் கையுறைக்குள் இருக்குமே, அந்த மாவு. காலையில் எங்கள் குப்பையில் பேப்பரில் சுருட்டி ஏதோ கிடந்தது, பிரிக்காமல் அப்படியே விட்டிருந்தேன். அறைக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். இரண்டு ஜோடி. மோல்டு டேபிளில் மற்ற ஐந்து பேரும் பார்த்திருப்பார்கள், யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

அதைத் தொடக் கூசிக் கையுறை வாங்கியிருக்கிறாள், தன் காசில். அந்தக் கூச்சம்தான் நூற்றுக்கணக்கான பீஸை இறுகவிடாமல் செய்திருக்கிறது. சிரிப்புக்கூட வந்தது.

ஷிப்ட் முடியும்போது மேனேஜர் சொன்னது: "நாளைக்குள்ள யாருன்னு தெரியணும். இல்லன்னா மோல்டு டேபிள் ஆறு பேரும் வூட்டுக்குப் போகலாம்."

ஜூன் 21, செவ்வாய்

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "நான்தான் சார் போட்டுக்கச் சொன்னேன். புள்ளைங்களுக்குக் கை அரிச்சுது."

"உனக்குத் தெரியாதா? க்யூ.சி. தானம்மா நீ?"

"தெரியல சார்."

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் எழுதிக்கொள்ள ஒரு பெயர் கிடைத்துவிட்டது. மீட்டரைப் பெட்டியில் வைத்து மூடிக் கொடுத்தேன். நாளை முதல் பேக்கிங். மோல்டு டேபிளில் யாருக்கும் வேலை போகவில்லை. செ. மேனேஜர் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

இதைப் பெருந்தன்மை என்று எழுதிக்கொள்ள ஆசைதான். இல்லை. அவள் அறையைவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஜூன் 23, வியாழன்

பேக்கிங். நாள் முழுக்க அதே பெண் அதே கட்டிலில் சிரிக்கிறாள். ஒரு பீஸைக் கட்டைவிரலால் அழுத்தினேன், யாரும் பார்க்காதபோது. பன்னிரண்டு. புது ஆள் சரியாகத்தான் செய்கிறான்.

சாயங்காலம் செ. கதவுப் பக்கம் நின்றுகொண்டே சொன்னாள். "ஸ்ரீபெரும்புதூர்ல செல்போன் கம்பெனியில வேலை கெடச்சிருக்குக்கா. ஹாஸ்டல் அவங்களே தாராங்க. ஞாயித்துக்கெழம போறேன்."

"அம்மாட்ட சொல்லியாச்சா?"

"வேல மாறுதேன்னு மட்டும் சொன்னேன். இங்க நடந்தத ஒண்ணும் சொல்லல."

"சரி" என்றேன். வேறு என்ன சொல்வது. சோறு அடிபிடித்துவிட்டது, அதைக்கூட அவள்தான் இறக்கிவைத்தாள்.

ஜூன் 26, ஞாயிறு

கடைசியில் மழை. தூறல்தான். கடைக்காரருக்குச் சந்தோஷம்.

செ. சாமான்: டிரங்குப் பெட்டி ஒன்று, பாய், வாளி, துணிப்பை. வாளியை எனக்கு விட்டுவிட்டாள். பஸ் ஐந்து மணிக்கு.

எல்லாம் கட்டிவிட்டுச் சீப்பையும் எண்ணெய் பாட்டிலையும் துணிப்பையில் போட்டாள். போட்டவள் மறுபடி வெளியே எடுத்தாள். என் எதிரில் முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

துணியெல்லாம் எடுத்ததில் அலமாரியில் அவள் வாங்கிய கையுறைப் பெட்டி தெரிந்தது, பாதி மீதி. "அதப் போட்டுக்கிடவா?" என்று கேட்டேன். குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டேன்.

முன்னால் கிடந்த முடியை இரண்டு கையாலும் அள்ளிப் பின்னால் என் மடியில் போட்டாள்.

எண்ணெய் வைத்தேன். சிக்கு எடுத்தேன். மெதுவாகத்தான், நேரம் இருந்தது. மூன்றாகப் பிரித்தபோது சொன்னாள்:

"இறுக்கிப் பின்னுங்கக்கா. அங்க பின்னிவிட ஆள் இல்ல."

இறுக்கிப் பின்னினேன். செவ்வாய் வரை தாங்கும்.