மூலை தேய்த்த கட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே, யார் எழுதியது என்று குழம்பாதே. இடது கையால் நானே எழுதியதுதான். இத்தனை நாள் நான் சொல்லச் சொல்ல உன் மாமா எழுதினார். திட்டுகிற இடத்தையெல்லாம் மனுஷன் நைசாக விட்டுவிட்டு எழுதியிருக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. இனி உனக்குத் திட்டு முழுசாக வந்து சேரும். நாங்கள் மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் பதில் போடவா போகிறாய்? சுகமாகத்தான் இருப்பாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

உன் மருமகளுக்குத் தலை பின்னுவது இப்போது அவள் அப்பாவின் வேலை. சரக்கு வண்டியில் மூட்டை கட்டுகிற கை அல்லவா, அதே இறுக்கம். சாயங்காலம்வரை ஒரு முடி அவிழாது, பிள்ளைக்குத்தான் கண்ணை மூடமுடியவில்லை. வெங்காயம் நறுக்க எனக்கு ஒரு பலகையில் ஆணி அடித்துத் தந்திருக்கிறார். வெங்காயத்தை அதில் குத்திவிட்டால் ஒரு கையே போதும். ஆனால் பலகை முழுக்கச் சிராய். தொட்டால் கையில் ஏறுகிறது. நீ பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாய்.

இழப்பீட்டுப் பணம் இன்னும் வரவில்லை. விபத்து நடந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த என் மகள் இப்போது என் இடது கைக்கு எழுத்து சொல்லித் தருகிறாள். அவ்வளவு காலமாக இழுக்கிறார்கள். ஒருமுறை கம்பெனி வக்கீலுக்குக் காய்ச்சல். ஒருமுறை ஃபைல் மாடிக்குப் போயிருக்கிறது, இறங்கி வரவில்லை. அதற்கென்ன, முட்டிவலியா? அப்புறம் அதிகாரியை மாற்றினார்கள். புதிதாக வந்தவர் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். கிளார்க் ஒவ்வொரு தடவையும் ‘கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா’ என்று அன்பாகத்தான் சொல்கிறார். பொறுத்துக்கொண்டால் விரல் முளைக்குமா என்று போன தடவை கேட்டேவிட்டேன். அதற்குப் பிறகு என்னைக் கண்டாலே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்.

உண்மையான காரணத்தை என் வக்கீலம்மா சொன்னார். தகட்டில் டப்பா மூடி அடிக்கிற அந்தப் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான் எதற்கு என்று என்னிடம் கேட்டார். இரண்டு கையும் இரண்டு பொத்தானில் இருந்தால்தான் அச்சு இறங்கும், கை உள்ளே இருக்க வழியே இல்லை, அதற்குத்தான் என்றேன். பிறகு எப்படி உன் கை உள்ளே போனது என்றார். ஒரு பொத்தானில் கட்டையைச் செருகிவிடுவோம், ஒரு கை தகட்டை வைக்கும், ஒரு கை அழுத்தும், மூடி மளமளவென்று விழும் என்றேன். கட்டையைச் செருகச் சொன்னது யார் என்றார். நாம் ‘சீக்கிரம்’ என்று பட்டப்பெயர் வைத்தோமே, அந்தச் சூப்பர்வைசர்தான் என்றேன். அப்படி யாரும் சொல்லவே இல்லை, அந்தம்மா தானாகக் கட்டை செய்து கொண்டுவந்து செருகினாள் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறதாம். என் குற்றம் என்று ஆகிவிட்டால் அவர்கள் பைசா தரவேண்டாம்.

தினமும் காலையில் அதைச் செருகியது என் கைதான். இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. செருகாதவளுக்கு மறுநாள் வேலை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

போன வாரம் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வீட்டுக்கே வந்தார். நம் வாசல் கதவு இறங்கிப்போய்த் தரையை உரசுகிறது, அதைத் தள்ளித் திறப்பதற்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது. பழங்கள் வேறு வாங்கி வந்திருந்தார். பாதிப் பணம் உடனே தருகிறோம், ‘என் கவனக்குறைவால் நடந்தது’ என்று எழுதிய இந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள் என்றார். என் கையைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து மை தடவிய டப்பாவை எடுத்தார். கட்டைவிரல் மிச்சம் இருக்கிறதே, ரேகை வைத்துவிடலாமாம். எனக்கு வந்ததே கோபம்! அந்த விரலைக்கூட விடமாட்டீர்களா என்று கேட்டேன். பிறகு அவர் பேனாவையே வாங்கி, அந்தத் தாளின் குறுக்கே கொட்டை எழுத்தில் ‘முடியாது’ என்று எழுதினேன். இடது கையில் நான் எழுதியதிலேயே அழகான எழுத்து அதுதான். பழத்தையும் திருப்பிக் கொடுத்தேன். உன் மருமகளுக்கு மட்டும் அதில் வருத்தம்.

உன் மாமாவுக்கும் வருத்தம்தான், பொய் சொல்லவில்லை. வண்டிக் கடன் கழுத்தை நெரிக்கிறது. பாதியாவது வந்தால் மூச்சு விடலாமே என்றார். அவர் மூச்சு விடுவதற்காக நான் பொய்யில் ரேகை வைக்கவேண்டுமா என்று சண்டை போட்டேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் காலையில் பிள்ளைக்குப் பின்னி முடித்துவிட்டு வந்து, ‘சரி, உன் இஷ்டம். ஆனா பழத்தையாவது வெச்சிருக்கலாம்’ என்றார். அதற்குமேல் எப்படிக் கோபமாக இருப்பது?

இப்போது உன்னிடம் சொல்லவேண்டியதற்கு வருகிறேன்.

போன விசாரணையில் கம்பெனி வக்கீல் என் கட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். என் பிரஸ்ஸில் இருந்த அதே கட்டை. அதிகாரியிடம் கொடுத்து, மூலையைத் தடவிப் பாருங்கள் ஐயா என்றார். நான்கு மூலையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழவென்று இருக்கிறது. கம்பெனி வெட்டிக் கொடுத்த கட்டையாக இருந்தால் இப்படி யார் மெனக்கெட்டு இழைத்திருப்பார்கள், தன் கைக்குத் தோதாக இந்தம்மாவே ஆசையாகச் செய்துகொண்டதுதான் இது என்றார். அதிகாரியும் தடவிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

தம்பி, எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கை போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. மற்ற பிரஸ்ஸுக்கெல்லாம் ரம்பத்தில் அறுத்தபடியே கொடுத்தாய். அக்காவுடையதை மட்டும் தேய்த்திருக்கிறாய், சிராய் ஏறக்கூடாது என்று. பேக்கிங் பெட்டி அடிக்கிற தச்சனைக் கூப்பிட்டு, எல்லா மிஷினுக்கும் கட்டை போடு என்று அந்தச் சீக்கிரம் சொன்னால் நீ என்ன செய்வாய்? சொன்னதைச் செய்தாய். எனக்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செய்தாய். அந்தக் கூடுதலைத்தான் இன்று எனக்கு எதிராகக் காட்டுகிறார்கள்.

கட்டை செய்தது யார் என்று வக்கீலம்மா என்னைத் துளைத்தெடுக்கிறார். தெரியாது என்றுதான் சொல்லிவருகிறேன். உன் பேர் என் வாயிலிருந்து வராது. அது நீயே வந்து சொல்லவேண்டியது. நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே உனக்குத் தூரதேசத்தில் வேலை வாங்கிக்கொடுத்து, டிக்கெட்டும் எடுத்து அனுப்பினார்களே, உன்மேல் பாசமா அவர்களுக்கு? சாட்சியை மூட்டை கட்டினார்கள். இது உனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் ஒரு வரி எழுதாமல் மாதாமாதம் பணம் மட்டும் அனுப்புகிறாய்.

இந்த மாதம் நீ அனுப்பியதைத் திருப்பிவிட்டேன். முன்பு அனுப்பியதையும் நான் தொடவில்லை. விரலுக்குப் பணம் தரவேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் கடனை நீ ஏன் அடைக்கிறாய்?

என் பக்கத்து மிஷினில் இருந்த சோடாபுட்டி பார்க்க வந்திருந்தாள். என் இடத்தில் இப்போது ஒரு புதுப்பெண்ணாம், கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. பொத்தானில் கட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லாமலா என்றாள். அதன் பிறகு பாதியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வதைப் பற்றி நினைக்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த விசாரணை வருகிற மாதம் இருபதாம் தேதி. சூப்பர்வைசர் சொல்லி நான் வெட்டினேன், எத்தனை மிஷின் இருந்ததோ அத்தனை வெட்டினேன், அக்காவுடையதை மட்டும் தேய்த்தேன். இவ்வளவு சொன்னால் போதும். வேலை போகும் என்று மிரட்டுவார்கள். போகட்டும். உன் உளிக்கு இந்த ஊரில் சோறு கிடைக்காதா? பயமாக இருக்கும், எனக்குத் தெரியும். பயத்தோடேயே வா. என்னைப் பார்க்கத்தான் கூச்சம் என்றால், நீ பேசி முடிக்கும்வரை கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்கிறேன். நீ வராவிட்டாலும் அந்தத் தாளில் என் கட்டைவிரல் படாது. அவர்கள் இழுக்கிறவரை இழுக்கட்டும், நானும் அந்த விசாரணை ஆபீஸ் பெஞ்சை விடுவதாக இல்லை.

இருக்கிற இடத்தில் உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. பத்து விரலோடும் நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். அங்கேயும் யாராவது கட்டை வெட்டித் தரச் சொன்னால், இந்தத் தடவை முடியாது என்று சொல்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமே இல்லாத
அக்கா

பி.கு.: வாசல் கதவை இழைக்க வேறு தச்சனைக் கூப்பிடலாம் என்றார் உன் மாமா. வேண்டாம், தம்பியே வந்து இழைக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.