முதல் தண்ணீர் எவருக்கு

பங்குனி 12, திங்கள்

வெயில். காற்றே இல்லை. ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். காணாமற்போன நாம்பன் மாட்டைத் தேடப் போவதாகச் சொல்லிவிட்டு, கட்டுரை எழுதுவது எப்படி என்று கேட்கப் பள்ளிக்கூட ரீச்சரிடம் போனேன். நாம்பன் வீட்டுக்குப் பின்னால் கட்டினபடி நின்றது. மனைவி அதற்குத் தவிடு வைத்துக்கொண்டே, "கண்டால் கெதியா வரச்சொல்லுங்கோ, தவிடு ஊறுது" என்றாள்.

விஷயம் இதுதான். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் முதலில் மேல்வாய்க்காலுக்கா, வாய்க்கால் கடைசியில் கிடக்கும் எங்களுக்கா? போன முறை மேலே விட்டார்கள். எங்கள் நெல் கதிர் தள்ளும் நேரம் கருகியது. இன்னொரு தரம் கருகினால் காணியை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் மைத்துனன் வீட்டுச் சோறு. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதிலும் பட்டினி நல்லது.

போன கூட்டத்துச் சத்தத்தில் நீர்ப்பாசன அதிகாரி ஐயா எழும்பிப் போய்விட்டார். இந்த முறை இரண்டு பகுதியும் நியாயத்தை எழுதி வரவேண்டுமாம். சனிக்கிழமை. எங்கள் ஆட்கள் என் தலையில் கட்டினார்கள். வாய் பெரிதாம். படிப்பு மூன்றாம் வகுப்பு.

பங்குனி 13, செவ்வாய்

ரீச்சர் சொன்னவை:
கேட்பதை முதல் வரியிலேயே கேட்க வேண்டும்.
"எப்பவும் அநியாயம்" என்று எழுதக்கூடாது. எந்த வயல், எப்போது கருகியது என்று எழுத வேண்டும்.
ஏச்சு கூடாது. "தண்ணிக்கள்ளர்" வெட்டு. (நன்றாக வந்த ஒரே சொல்.)
எதிராளியின் ஆகப் பலமான நியாயத்தை நானே எழுதி, பிறகு மறுமொழி சொல்ல வேண்டும்.

கடைசி இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. ரீச்சர் குடியிருப்பது மேல்வாய்க்கால் தலைவர் கந்தையர் வீட்டு அறையில். சாப்பாடும் அங்கேதான்.

"ரீச்சர், மத்தியானம் அங்கை என்ன கறி?"

"விரால். ஏன் அண்ணை?"

"இல்லை, மணந்தது."

சிரிக்கிறா. சிரிப்பையும் நம்பவில்லை.

பங்குனி 14, புதன்

வெயில். கோழி ஒன்று அடை. தாளோடு குந்தினேன். கேட்பது, கருகிய வயல்கள், எல்லாம் ஏறிவிட்டது. பிறகு கந்தையரின் நியாயம். அவர் செருமுவதுபோலச் செருமிக்கொண்டு எழுதினேன்: "காய்ந்த வாய்க்காலில் கடைசிக்கு விட்டால் பாதித் தண்ணீரை மண் குடித்துவிடும். மேலிருந்து நனைத்துக்கொண்டு போவதே நல்லது." வாசித்தால் சரிபோலத்தான் கிடக்கிறது.

பின்னேரம் மறுமொழி பிடிபட்டது. மதகு முழுதாய்த் திறக்கிற முதல் நாள் வேகம்தான் எங்கள் வரை வரும். மேலே இருப்பவர்களுக்கு மெல்லிய ஓட்டமும் போதும். வாய்க்காலை நாங்களே புல் செருக்கித் துப்பரவாக்கினால் மண்ணும் குறையக் குடிக்கும். இதற்கு மறுமொழி கந்தையருக்கு இல்லை. நாளைக்குத் தாளில் ஏற்றுவேன்.

பங்குனி 15, வியாழன்

வாய்க்கால் வரம்பில் கந்தையர் மறித்தார்.

"என்ன செல்லையா, பாதித் தண்ணியை மண் குடிச்சிடும் எண்டு எழுதிப்போட்டியாம். அதுக்குப் பிறகு என்ன?"

முதலில் ரீச்சரைத்தான் நினைத்தேன். ஆனால் அவ தாளைக் காணவே இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியை விசாரித்தேன்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் எழுத்துக் கூட்டிக் கத்திக் கத்தித்தானே எழுதுறியள். வேலிக்கு அங்காலை கந்தையரின்ரை ஆள் மாடு மேய்க்கிறான். எனக்கே பாடமாப் போச்சு."

இந்தக் கொப்பியில் எழுதுவதுபோல வாயை மூடி எழுதிப் பார்த்தேன். கூட்டத்துத் தாளில் கை ஓடவில்லை. ஆகவே மறுமொழியை எழுதுவதில்லை. கூட்டத்தில் தாளை வாசித்து, கந்தையர் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது வாயால் போடுவேன். ஒரு ஆளுக்கும் சொல்லவில்லை. ரீச்சர் வழியில் கேட்டா: "மறுமொழி எழுதியாச்சே அண்ணை?" ஏன் கேட்கிறா? "ஓம்" என்றேன்.

பங்குனி 17, சனி

மப்பு, மழை இல்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டம். சால்வை போட்டுப் போனேன். ஐயா பிந்தி வந்தார், கதிரையில் இருக்கவும் இல்லை. வேறு ஊரிலும் கூட்டமாம்.

"வாசிக்க நேரமில்லை. தாளுகளைத் தாங்கோ. கொண்டுபோய்ப் பார்த்து முடிவு அனுப்புறன்."

கந்தையர் கொடுத்தார். நானும் கொடுத்தேன். வாயைத் திறந்தேன். "எல்லாம் எழுதியிருக்கோ?" என்றார் ஐயா. எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே குரலில், "ஓம் ஐயா, செல்லையா அண்ணை வடிவா எழுதியிருக்கிறார்."

ஐயா நின்ற நிலையில் கடைசி வரிகளைப் பார்த்தார். மேலிருந்து நனைத்துக்கொண்டு போவதே நல்லது. கீழே என் கையொப்பம். "நியாயமான மனுசன்" என்று என் தோளில் தட்டினார்.

ஜீப் போய்விட்டது. மறுமொழி என்னிடம் இருக்கிறது.