பதினொரு ஈரச் சாக்குகள்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி காய்ந்து நாலு நாள். வீடெல்லாம் ஊறல் நாற்றம்.

வேண்டியவை: முழங்கால் தைலம். மெழுகுதிரி. ஓய்வூதியத்துக்கு நான் உயிரோடிருப்பதாகச் சான்றிதழ், அதற்குப் போட்டோகொப்பி.

பரமேஸ்வரி (இனி பர., விரல் மடங்க மறுக்கிறது) பேசினாள். கடைசி ஒப்படையை, அதுதான் வீட்டில் எழுதிக் கொடுக்கும் பாடக் கட்டுரையை, கொடுத்தாகிவிட்டதாம். இது சித்தியடைந்தால் முகாமைத்துவப் பட்டம் முடிந்தது. தொலைக்கல்வி நிலையம் ஒரு கடிதம் தந்தால், தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். மாதக் கடைசிக்குள். பதினெட்டு வருடம் கொழுந்து பறித்து, ஆறு வருடம் கங்காணியாக நின்று, நாற்பத்தாறு வயதில் பட்டம். நிலைய மாணவர்களுக்கு நான் தனியாக எடுக்கும் ஞாயிறு வகுப்பில் பாடத்தை மலையோடு பொருத்திப் பார்ப்பவள் அவள் ஒருத்திதான்.

“இது பாஸானா மழைக்கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிடுவேன் டீச்சர்.”

ஜூன் 5, வியாழன்

ஹட்டன் டவுன். சான்றிதழுக்குக் கொப்பி எடுக்கக் கொமியூனிகேஷன் கடைக்கு. கவுண்டருக்கு மேலே கயிறு கட்டி, மரண அறிவித்தலுக்கும் பழைய கலண்டருக்கும் நடுவில் ஒப்படைகள். கிளிப் போட்டுத் தொங்குகின்றன, உலர்த்தப்போட்ட கருவாடு மாதிரி.

பாங்க் யூனிஃபோமில் ஒரு பெண், குடையை மடக்கிக்கொண்டே: “அண்ணே, எனக்கு ஈரச் சாக்கு ஒண்ணு.”

ரொட்டி கேட்பது போலத்தான் கேட்டாள். அவரும் எடுத்துக் கொடுத்தார்.

“என்ன தம்பி அது?”

“நாலாவது பாட ஒப்படை டீச்சரம்மா. முரண்பாட்டு முகாமைத்துவம். பேரை மட்டும் மாத்தினாப் போதும். ரொம்பப் பேர் கொண்டு போறாங்க.”

வாங்கி வாசித்தேன். நான் வகுப்பில் சொன்ன உதாரணம். என் வாக்கியங்கள், என் “ஆகவே”, என் “இதிலிருந்து நாம் அறிவது”. எழுத்துப் பிழை மட்டும் புதிது.

கதை பர.வினுடையது. பெயர் சொல்லாமல் சித்திரையில் வகுப்பில் சொன்னேன். மழை நாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், ஈரத்துக்கென்று எல்லோருக்கும் ஒரே அளவாக நாலு கிலோ கழித்தார் கணக்கப்பிள்ளை. பெண்கள் சாக்கைத் தூக்கி எறிந்தார்கள். பர. காய்ந்த சாக்கு ஒன்றைத் தராசில் வைத்தாள். அதையே கான் தண்ணீரில் முக்கி மறுபடி வைத்தாள். அந்த வித்தியாசத்தை மட்டும் கழியுங்கள் என்றாள். தகராறு அடங்கியது.

சான்றிதழ்க் கொப்பி எடுக்காமலே வந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

வகுப்பு. வந்தவர்கள் பதின்மூன்று. அந்த ஒப்படையை யார் கடைக்குக் கொடுத்தது என்று கேட்டேன். ஒளிவுமறைவில்லாமல் கை தூக்கினார் ஜெகன், காப்புறுதி முகவர், முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். நான் வகுப்பில் சொன்னதைப் போனில் பதிவு செய்து தட்டச்சடித்துக் கொடுத்தாராம்.

“நீங்கதானே டீச்சர் ‘மாதிரி விடை’ன்னு சொன்னீங்க. அது மாதிரியே எழுதுறதுதானே மாதிரி?”

சிரிப்பு. வளர்ந்த மனிதர்கள். பின் வரிசை வாங்கிலிருந்து ஒருவர்: “வேலை, புள்ளைங்க, பஸ்சு. எப்ப டீச்சர் உக்காந்து எழுதுறது?” எழுதாவிட்டால் பரவாயில்லை, களவெடுக்காதீர்கள் என்றேன். “களவா? கடையில வாங்குனது டீச்சர்.”

பர. தலை குனிந்து கொப்பியின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தாள். அவள் கதைதான் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அருவருப்பு. தேத்தண்ணிகூட இறங்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

பயந்தது நடந்தது. நிலையத்திலிருந்து பர.வுக்குக் கடிதம். ஒரே மாதிரியான பதினொரு ஒப்படைகளாம். அதில் அவளுடையதும் ஒன்று. வியாழன் விசாரணை. களவென்று முடிவானால் ஒரு வருடம் எழுத முடியாது.

“என் கதையை நானே களவெடுத்துட்டேன்னு சொல்றாங்க டீச்சர்.” சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

நிலைய இணைப்பாளருக்குப் போன் போட்டேன். சின்ன வயது, டை கட்டிய குரல். “நல்ல கேஸ் ஸ்டடி டீச்சர் அது. எல்லாரும் கைதட்டுற முடிவு ரொம்ப நல்லாருக்கு. ஒரு ஆள் மட்டும் எழுதியிருந்தா எழுபது போட்டிருப்பேன்.”

கைதட்டு. அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து ஒரு சங்கடம். என்னவென்று பிடிபடவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

போயா, பௌர்ணமி விடுமுறை. கடைகள் பூட்டு. மழை சற்று ஓய்வு.

பிடிபட்டது.

அலுமாரியில் பழைய தாள்கட்டைப் பிரித்து, பர.வின் முதல் பிரதியை எடுத்தேன். பங்குனியில் என்னிடம் திருத்தக் கொடுத்தது. கடைசிப் பந்தி, அவள் கையெழுத்தில்:

“அன்று எல்லோர் சாக்கையும் தராசில் நிறுத்தபோது என் நாத்தனாரின் சாக்கு மட்டும் கழித்த பிறகும் கனத்தது; கொட்டினால் தண்ணீர் ஓடியது. அவள் கொழுந்தில் தண்ணீர் தெளித்திருந்தாள். எல்லோர் முன்னும் தெரிந்துவிட்டது. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு சுவர். இன்றுவரை அவள் என்னோடு பேசவில்லை. நான் செய்தது வெற்றியா என்று எனக்குத் தெரியாது.”

குறுக்கே என் சிவப்புக் கோடு. ஓரத்தில்: “முடிவில் ஐயம் கூடாது.” கீழே நானே எழுதியது: “அனைவரும் கைதட்டி மகிழ்ச்சியோடு கலைந்தனர்.”

யாரும் கைதட்டவில்லை. தட்டவைத்தது நான். வகுப்பிலும் அதையே சொன்னேன். பத்துப் பேர் அதை வாங்கினார்கள். அவளும் டீச்சர் சொல்கிறார் என்று அதையே எழுதிக் கொடுத்தாள். அவளுடையது என்று காட்ட இருந்த ஒரே பந்தியை வெட்டியவள் நான்.

கயிற்றில் தொங்கியதைப் பார்த்து அருவருத்தேனே, அது என் சமையல்.

ஜூன் 12, வியாழன்

காற்று. குடைக்கம்பி முறிந்தது.

பதினொரு பேரையும் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள், பர. கடைசி. நான் வெளியே வாங்கில் உட்கார்ந்தபடி, பிரதி கைப்பையில். பலகைத் தடுப்பு. பேசுவதெல்லாம் கேட்கும். இணைப்பாளர் எல்லோரிடமும் ஒரே கேள்வி: சாக்கை நிறுத்துப் பார்த்த பிறகு என்ன நடந்தது?

“கைதட்டினாங்க சேர்.”

“எல்லாரும் கைதட்டினாங்க.”

“கைதட்டி... மகிழ்ச்சியோட கலைஞ்சாங்க சேர்.” (ஜெகன். மனப்பாடம்.)

பத்துத் தரம் கேட்டேன். பிறகு பர.:

“யாரும் கைதட்டல சேர்.”

“ஆனா உங்க ஒப்படையிலயும் அப்படித்தானே இருக்கு?”

டீச்சர்தான் எழுதினார் என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை அவள். ஒரு வருடம் போனாலும் சொல்லமாட்டாள் போலிருந்தது.

கதவைத் தட்டாமலே போனேன். பிரதியை மேசையில் வைத்தேன்.

வாசித்தார். மறுபடி வாசித்தார். “இந்தச் சிவப்பு?”

“என் எழுத்து.”

“வெளி ஆள் திருத்தக் கூடாதுன்னு விதி இருக்கு டீச்சர்.”

“தெரியும். அந்த விதியை வகுப்பில் நான்தான் வாசித்துக் காட்டினேன்.”

தீர்ப்பு: பத்துப் பேரும் அடுத்த வருடம். பர. வரும் செவ்வாய் இங்கேயே வந்து, தனியே உட்கார்ந்து, சொந்தக் கையால் எழுத வேண்டும். நான் இனி நிலைய மாணவர்களுக்கு வகுப்பெடுக்கக் கூடாது. பர. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையைப் பிடித்து அழுத்தினேன்.

பஸ் ஸ்டாண்ட் வரை பர.வின் குடையில் நடந்தேன். வட்டவளை பஸ் வந்ததும் அவள்:

“ஏன் டீச்சர் அத வெட்டுனீங்க?”

“அழகா முடியணும்னு.”

“எங்க வீட்டுல அது இன்னும் முடியலையே டீச்சர்.”

ஏறிப் போய்விட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

வகுப்பில்லை. கரும்பலகைத் துணியைத் துவைத்தேன். காயவில்லை.

ஜெகன் போன்: “டீச்சர், வேற மாதிரி ஒண்ணு இருக்குமா?”

போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

பர. இன்று எழுதுகிறாள். பத்து மணியிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். பருப்பு அடிப்பிடித்தது.

ஜூன் 24, செவ்வாய்

கொஞ்சம் வெயில். தலையணை எல்லாம் வெளியே.

மத்தியானம் பர. வந்தாள், மலையிலிருந்து நேராக, கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு. “பாஸ் டீச்சர்! கடிதமும் தந்துட்டாங்க. நாளைக்கே தோட்ட ஆபிசுல குடுத்துடுறேன்.” என் கையில் ஒப்படையைத் திணித்தாள். “இப்ப பாக்கலாம்ல, முடிஞ்சு போச்சே.”

நாத்தனார் பேசினாளா என்று கேட்டேன். இல்லையாம்.

எழுபதில்லை, ஐம்பத்தொன்று. கைதட்டு எங்கும் இல்லை. நாத்தனார் இருக்கிறாள், சுவர் இருக்கிறது, “வெற்றியா என்று எனக்குத் தெரியாது” இருக்கிறது. அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் இணைப்பாளர்: “முடிவு தெளிவாக இல்லை.”

சிவப்பு மையில்.