ஏட்டையா இறங்கிய புளியமரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

பால்கோவாவை விட்டுவிட்டேன். குடும்பத்தார் அனைவரையும் கூடத்தில் உட்காரவைத்து, எழுந்து நின்று அறிவித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை பார்க்கிறவனுக்கு இது எம்மாதிரி முடிவு என்று உனக்குத் தெரியும். "செத்த நேரம் உக்காந்து சொல்லுங்க, வேட்டி அவுருது" என்றாள் என் மனைவி.

காரணம் நீதான். உன்னைக் கொண்டுபோன புராஸ்டேட் புற்றுநோய் கூடப்பிறந்தவனுக்கும் வர வாய்ப்பு அதிகமாம். எடையைக் குறைங்க, கொழுப்பைக் குறைங்க, தினமும் நடங்க என்றார் ராஜபாளையத்து டாக்டர். "நல்லது. ஆனா வராதுன்னு எழுதித் தரமாட்டேன். வருசம் ஒருக்கா சோதனைக்கு வரணும்."

கையுறை மாட்டிச் செய்கிற சோதனை. மூன்று மாதமாக நான் போகவில்லை. பால்கோவாவை விட்டதே அதற்குப் பதிலாகத்தான்.

நம் காலை பஸ் நினைவிருக்கிறதா? மலையிலிருந்து இறங்கிய பனி ரோட்டில் மில் பஞ்சு மாதிரி கிடக்கும். பாதி வழியில், ஊரே இல்லாத புளியமரத்தடியில் "நிறுத்துப்பா" என்பாய். ஏட்டையா சொன்னால் கண்டக்டர் மறுப்பாரா? நீ மரத்துக்குப் பின்னால் போவாய். "சாராயக் கேசு. ஆள் பாக்கப் போறாரு" என்று பஸ்ஸே குசுகுசுக்கும். அங்கே சாராயம் விற்றவன் பயந்து இடத்தையே மாற்றிக்கொண்டான். பிறகு ஒரே பயணத்தில் இரண்டு முறை இறங்கத் தொடங்கினாய். கேசு பெரிதாகிவிட்டது என்று உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் நினைத்தேன்.

முதுகுவலி என்று நீ படுத்தபோது நோய் எலும்புவரை போயிருந்தது. மதினி இன்னும் கேட்கிறார்: "மூத்திரம் சரியாப் போகலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவிய தொப்பியா கீழ விழுந்துருக்கும்?"

என்னிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சிரித்திருப்பேனோ?

அடிக்கடி ஒரு கனவு வருகிறது. பஸ் அந்த மரத்தடியில் நிற்கிறது. பனிக்குள் உன் தொப்பி மட்டும் தெரிகிறது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் இருக்கிறார். யாருக்கும் அவசரமில்லை. மரத்திலிருந்து ஒவ்வொரு இலையாக உதிர்ந்து பஸ்ஸுக்குள் வருகிறது. நீ வருவதற்குள் விடிந்துவிடுகிறது.

வியாழக்கிழமை சோதனைக்குப் போகிறேன், அண்ணே. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் காரணத்தையே எழுதினேன். உன் மகனுக்கு நாற்பது ஆனதும் நானே அவனையும் கூட்டிப்போவேன். இது சத்தியம்.

புளியமரத்தடியில் இப்போது பஸ் நிற்பதில்லை. சாராயக்காரன் திரும்பி வந்துவிட்டான்.

உன் பக்கத்து இருக்கைக்காரன்,
உன் தம்பி