மஞ்சள் பையில் போன தழும்பு

அம்மா, இன்று ஆபரேஷன் மேசையில் மயங்கிக் கிடந்த ஒரு பெண்ணின் வயிற்றில் உன் தழும்பு இருந்தது. தொப்புளுக்குக் கீழே கோணலாக ஒரு கோடு, இரண்டு பக்கமும் நூல் கடித்த தடங்கள். கத்தியை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டேன். என்ன மேடம் என்றாள் நர்ஸ். எங்கம்மா ஞாபகம் என்றேன். பாவம், உருகிப்போனாள்.

என்னைப் பெற்றபோது செகந்தராபாத்தில் யாரோ அவசரத்தில் தைத்தது. கெட்டி நூல், பெரிய பெரிய கடி, இறுக்கி முடிச்சு. சீழ் வைத்துப் பிளந்து, மறுபடியும் தைத்தார்கள். வலித்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. அதை வைத்து நீ என்னைப் படுத்திய பாடுதான் தாங்கவில்லை. கணக்கில் மார்க் குறைந்தால் சேலையை விலக்குவாய். சர்ச் முடிந்து டீக்கு வரும் ஆன்ட்டிகளுக்கும் காட்டுவாய். “ஹவ், ஹவ்” என்று உச்சுக்கொட்டுவார்கள். தெலுங்குப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோதும் விலக்கினாய்.

“இதுக்குத்தான் கிழிஞ்சேனா?”

உனக்குக் குடல் அடைத்தபோது உள்வேலையை என் சீனியர் பார்த்தார். மூடுவதை மட்டும் நான் கேட்டு வாங்கினேன். உள்ளேயிருக்கும் கெட்டியான உறையைச் சின்னச் சின்னக் கடியாக, ஒரே நூலை ஓட்டித் தைத்தேன். இறுக்கவில்லை, இறுக்கினால் சதை செத்துப்போகும், ஓரங்கள் தொட்டுக்கொண்டால் போதும். பிறகு உன் பழைய தழும்பைப் பட்டையாக வெட்டியெடுத்து மஞ்சள் கழிவுப் பையில் போட்டேன். தோலுக்கு அடியிலேயே ஓடும்படி, கரையும் நூல் போட்டேன். அவ்வளவு அழகாக நான் யாருக்கும் தைத்ததில்லை. பாசத்தில் இல்லை என்பது உனக்கும் தெரியும்.

கட்டுப் பிரித்த அன்று கண்ணாடி கேட்டாய். வெகுநேரம் பார்த்தாய்.

“என் தழும்பு எங்கடி?”

“குப்பையிலம்மா.”

“அதையும் பிடுங்கிட்டியா. இனிமே எதைக் காட்டி உன்கிட்ட பேசுவேன்?”

அதற்குப் பிறகு சாகும்வரை நீ என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் இருந்தேன், உன் சவப்பெட்டியை மூடும்போதுகூட.

போன வாரம் என் மகள் என் மூஞ்சிக்கு நேரே கதவைச் சாத்தினாள். அவளும் வயிற்றை அறுத்து எடுத்த பிள்ளைதான். கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். என் கை தானாகச் சேலையை விலக்கியது. பாருடி என்றேன். குனிந்து தேடினாள்.

“ஏதி மம்மி? ஏமீ லேதே.”

ஒன்றுமே இல்லையாம். அம்மா, எனக்குத் தையல் போட்டவளைத் தேடிப்போய், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் இருந்தது.