பதினொரு நிமிடப் பச்சை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் முந்நூற்றுப் பன்னிரண்டும் பச்சை. பதினொரு நிமிடத்தில் மென்பொருளைச் சோதிக்கிற எல்லா டெஸ்டும் ஓடித் தேறி, திரை புல்வெளி மாதிரி கிடந்தது. மூன்று வருடமாக இந்தப் புல்வெளிக்கு நான்தான் காவல்காரன் என்பதை எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் ஏதாவது சாக்கு வைத்துச் சொல்லிவிடுகிறேன். லிஃப்டில் வந்த தண்ணீர் கேன்காரரிடம்கூடச் சொன்னேன். ஆறாவது மாடிக்குப் போக வேண்டியவர் நாலாவதிலேயே இறங்கிவிட்டார்.

பக்கத்து மேஜை மறுபிரவேசத்துக்கு மட்டும் சிவப்பு. ஒன்பது வருடம் வீட்டோடு இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்த அம்மா. பெயர் வைத்த புண்ணியவான் நான். புது சர்வரில் நம் டெஸ்டுகளை முதலிலிருந்து நிறுவும் வேலையை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாளாக இரண்டு டெஸ்ட் தோற்கிறது. போதாததற்கு, ஓடி முடிய நாற்பத்தைந்து நிமிடம். தோற்கிற இரண்டுமே நான் எழுதியவை.

"செட்டப்ல ஏதோ கோளாறு மேடம். என்கிட்ட ஓடுதே" என்றேன். சொல்லும்போது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டேனோ? வைத்துக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு வந்த மனைவி, "இன்னிக்கு என்ன கிழிச்சீங்க?" என்றாள்.

"ரெண்டு வீடு கட்டினேன். ஒரு வீட்டுக்காரன் இன்னொரு வீட்டுக்குள்ள போக முடியலன்னு பார்த்தேன். ரெண்டையும் இடிச்சுட்டேன்."

"தினமுமா?"

"தினமும்."

"இதுக்குச் சம்பளம் வேற."

கேலி செய்தாலும் இதைவிடத் தெளிவாக யாரும் என் வேலையை விளங்கிக்கொண்டதில்லை. ஒரே சர்வர் கூட்டத்தைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டு, ஆளுக்கொரு தனி நெட்வொர்க் கட்டிக்கொடுப்பது எங்கள் மென்பொருள். ஒருத்தர் நெட்வொர்க்கிலிருந்து அடுத்தவருடையதை எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. பார்க்க முடியவில்லை என்று காட்டுவது என் டெஸ்ட். வீடு என்று நான் சொல்வது மெஷின். அதுவும் நிஜ மெஷின் இல்லை, சர்வருக்குள் பத்து நிமிடம் வாழ்ந்துவிட்டுப் போகிற பாவனை மெஷின்.

மார்ச் 6, வியாழன்

தேதியார் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் மேலாளர். வணக்கம் சொன்னால்கூட "எந்தத் தேதிக்குள்ள?" என்று கேட்கக்கூடியவர்.

"பதினாலாம் தேதி வெளியீடு. அந்தம்மாவோட ஆறு மாசமும் அன்னிக்கே முடியுது. ஒரு செட்டப்கூட ஒழுங்கா வரல, எப்படிங்க நிரந்தரம் பண்றது? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

நான் "ம்" என்றேன். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. அவர் குறித்துக்கொண்டார்.

மதியம் கை கழுவுமிடத்தில் மறுபிரவேசம் சொன்னார்: "மாமியார் தினமும் கேக்கறாங்க சார், நிரந்தரம் ஆயிடுச்சாம்மான்னு. அக்கறையாத்தான் கேக்கறாங்க. ஆகலன்னா மறுபடி வீட்டுல உக்காந்துக்கோன்னு அதுக்குள்ளேயே இருக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கையை மட்டும் ரொம்ப நேரம் கழுவினார்.

மார்ச் 7, வெள்ளி

மறுபடி சிவப்பு. மறுபடி அதே இரண்டு. செட்டப் கோளாறென்றால் நாளுக்கொரு இடத்தில் அல்லவா வர வேண்டும்?

மார்ச் 9, ஞாயிறு

"தட்டை ஏன் முறைக்கிறீங்க? நான் ஒண்ணும் செய்யல" என்றாள் மனைவி. அந்த இரண்டு சிவப்பும் பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி. நாக்கு அங்கேயே போகிறது.

மார்ச் 10, திங்கள்

நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உதவி செய்ய என்று சொன்னேன். பொய். ஆவல் தாங்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா சார்? ரெண்டாவது மெஷின் எழுந்திரிச்சுதான்னு உங்க டெஸ்ட்ல எங்க பாக்கறீங்க?"

"அதான் 'இயங்குகிறது'ன்னு வருதே."

"அது சர்வர் சொல்றது. மெஷின் என்ன சொல்லுது?"

மெஷினைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் சர்வரில் இருக்கிற மெஷின் கண்விழிக்கும்போது எழுதுகிற குறிப்பைத் திறந்தோம். ஏழு வரி. எட்டாவது வரியில் மெமரி போதவில்லை என்று எழுதிவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டது. அவருடையது கடைசி வரை போய், "யார் நீங்கள், கடவுச்சொல் என்ன?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது.

ஆக, நான் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, "பார்த்தீர்களா, என்ன பாதுகாப்பு! யாரும் திறக்கவில்லை!" என்று மூன்று வருடம் மீசை முறுக்கியிருக்கிறேன். அவருடைய சர்வரில் வீட்டில் ஆள் இருக்கிறது. கதவும் திறக்கிறது. இரண்டு வாடிக்கையாளர்கள் தற்செயலாக ஒரே முகவரி எண்களை வைத்துக்கொண்டால் ஒருத்தருக்குப் போக வேண்டியது இன்னொருத்தருக்குப் போகிறது. செட்டப் கோளாறு இல்லை. எங்கள் மென்பொருளின் ஓட்டை. பதினாலாம் தேதி ஊருக்கு அனுப்பப் போகிற ஓட்டை.

"நீங்க மட்டும் எப்படி மெமரியை ஏத்தி வச்சீங்க?"

"நிறுவல் குறிப்புல குறைஞ்சது இவ்வளவு வேணும்னு போட்டிருந்துது சார்."

குறிப்பை எழுதினவன் நான். படித்த முதல் ஆள் அவர்.

மார்ச் 11, செவ்வாய்

மெமரியைக் குறைத்தது யார் என்று மாற்றங்களின் பதிவில் தேடினேன். இரண்டு வருடம் முன்பு வேலையை விட்டுப்போன குறுந்தாடிதான் என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதி வைத்திருந்தேன்.

நான்தான். என் பெயர், என் தேதி, "டெஸ்ட் வேகமாக ஓட" என்று என் கைப்படக் காரணம். சின்ன மெஷின் என்றால் ஒரே சமயத்தில் நிறைய ஓட்டலாம். அப்படித்தான் நாற்பத்தைந்து நிமிடம் பதினொன்று ஆனது. அதற்குக் கைதட்டு, கோப்பை, குழுவோடு ஒரு படம்.

இன்னும் கேவலம் இருக்கிறது. "போக முடிகிறது" என்று பார்க்கிற டெஸ்டுகளிலும் அன்று குறைத்துப் பார்த்தேன். சிவப்பு வந்தது, பழையபடி வைத்துவிட்டேன். "போக முடியவில்லை" என்று பார்க்கிறவற்றில் மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால்? யோசிக்கவில்லை. பச்சையைப் பார்த்து யார் யோசிக்கிறார்கள்!

மார்ச் 12, புதன்

சத்தமில்லாமல் மெமரியை ஏற்றிவிட்டு, "புது ஓட்டை ஒன்று கண்டோம்" என்று சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது. கண்டோம் — பன்மை எவ்வளவு வசதி. ஆனா அந்தம்மாவுக்கு செட்டப் தெரியலங்கற பேச்சு அப்படியே நிக்குமே. நான் சொன்ன அந்த "ம்" வேற.

மனைவியிடம் கொட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தாள். அப்புறம் கேட்டாள்: "நீங்கதான் குறைச்சதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்காது. பதிவை நேத்தே திறந்து பார்த்திருக்காங்க."

"பார்த்துட்டு யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொல்லல."

பெரிய தொல்லை.

மார்ச் 13, வியாழன்

வெளியீட்டுக் கூட்டத்தில் பெரிய திரையில், எல்லோர் முன்னாலும் மெமரியை ஏற்றி ஓட்டினேன். நாற்பத்தைந்து நிமிடம். கதை சொல்லித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. என்னைப் பற்றியே சொன்னேன், சரக்குக்குப் பஞ்சமில்லை. இரண்டு சிவப்பு விழுந்தது.

"மெமரியைக் குறைச்சது நான். மூணு வருஷமா இந்த டெஸ்ட் எதையும் பார்க்கல. மேடம் சர்வர்தான் சரி. என் பச்சைதான் பொய்."

தேதியார் நாட்காட்டியைத் திறந்தார். "அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு இல்லீங்க."

"எந்தத் தேதிக்குள்ள?"

"தெரியாது" என்றேன். அவரிடம் அந்தச் சொல்லைச் சொன்ன முதல் மனிதன் நான்தான் என்று நினைக்கிறேன்.

மறுபிரவேசம் தலையையே நிமிர்த்தவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்.

மார்ச் 14, வெள்ளி

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடி வழியாக உதடு படிக்கப் பார்த்தேன். எனக்கு அந்த வித்தை வராது.

ஏப்ரல் 8, செவ்வாய்

இப்போதெல்லாம் என் டெஸ்ட் எதுவும் அந்தம்மா ஒப்புதல் போடாமல் உள்ளே போகாது. அவரை நிரந்தரம் ஆக்கின கையோடு தேதியார் போட்ட உத்தரவு. இன்று ஒன்று அனுப்பினேன். திரும்பி வந்தது: "சார், இது தோத்து நான் பார்த்ததே இல்லையே. ஒரு தடவை தோக்க வச்சுக் காட்டுங்க."

ரவுட்டரை வேண்டுமென்றே கெடுத்தேன். பச்சை. இரண்டு நெட்வொர்க்கையும் நானே சேர்த்துக் கட்டினேன். பச்சை. அடப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு டெஸ்டைத் திருத்தி எழுதினேன். அவர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

நாலு பத்துக்குச் சிவந்தது.

"மேடம், தோத்துடுச்சு!" மாடியே திரும்பிப் பார்த்தது.

வந்து, குனிந்து, மெஷின் குறிப்பைக் கடைசி வரி வரை படித்தார். "நல்லா தோத்திருக்கு சார்" என்று சொல்லிவிட்டு ஒப்புதல் போட்டார்.