வாசலை மறித்தவர்கள்

என்னங்க,

இன்றோடு என் பிரின்சிபால் உத்தியோகம் முடிந்தது. கிளம்பும் நேரத்தில் காலேஜ் பெண்கள் இந்தக் கல்கத்தா வழக்கப்படி அறை வாசலை மறித்து உட்கார்ந்து கேராவ் செய்தார்கள். ஹாஸ்டல் தண்ணீர், பரீட்சைத் தேதி என்று கத்துகிறவர்கள், இன்று "போகக் கூடாது மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தார்கள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன். நம் லேக் கார்டன்ஸ் ஏரியே அந்தப் பாட்டோடு அறைக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. மேஜையும் ஃபைல்களும் மெல்ல மிதந்தன. முன்பு ஒவ்வொரு கேராவுக்கும் ஜன்னல் கம்பி வழியே தயிர்சாதம் நீட்டுவீர்களே, அந்தக் கைக்காகக் காத்திருந்தேன்.

கண் விழித்தபோது ஜன்னலில் மழை மட்டும் இருந்தது.

ரயில்வேயில் உங்களைத் திருச்சிக்கு மாற்றியபோது, காலேஜை விட்டு வர முடியாது என்றேன். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு ஹவுராவுக்குப் போனீர்கள்.

வாசலை மறித்தவர்கள் கேட்டதற்கெல்லாம் கடைசியில் கையெழுத்துப் போட்டவள்தான் நான். நீங்கள் ஒரு நாள்கூட மறிக்கவில்லை.

அங்கே மழை உண்டா? ஞாயிறு காலை வண்டி வந்துவிடும். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். கோரிக்கை ஒன்றுதான், உங்களுக்கே தெரியும். யோசிக்க நேரம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை தயிர்சாதத்தை ஜன்னல் வழியாகவே கொடுங்கள்.

இப்படிக்கு,
எழுந்து போகாதவள்